புளித்தண்ணீரில் ஒரு பெயர்

வலது கட்டைவிரலில் தண்ணீர் பட்டுவிடக் கூடாது. வேறெதையும் யோசிக்காமல் இதை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் போதும் என்று பேச்சித்தாய்க்கு இருந்தது. மற்ற நாலு விரல்களும் மடங்கியிருக்க, அது மட்டும் அடுத்த வீட்டுக் கைக்குழந்தையை வாங்கி வைத்திருப்பதுபோல எங்கேயும் இடித்துவிடாமல் தனியே நீட்டிக்கொண்டிருந்தது. குக்கர் அடங்கிவிட்டது. இடது கையால் மூடியைத் திறந்தாள், இடது கையால் கொண்டைக்கடலையை வடித்தாள், இடது கையால் கடுகை அள்ளி எண்ணெயில் போட்டாள். சாமிக்கு வைக்கிற சுண்டலை இடது கையால் செய்கிறோமே என்று ஒரு பயம் வந்தது. வந்து, ஏற்கெனவே அங்கே கிடந்த பெரிய பயத்துக்குப் பக்கத்தில் சின்னப்பிள்ளை மாதிரி ஒட்டி உட்கார்ந்துகொண்டது. ஆயுதபூசை அன்றைக்கு. தெருவில் ஆட்டோக்களுக்கெல்லாம் மாலை போட்டாயிற்று. எதிர்வீட்டுத் தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்தாயிற்று. அவள் வீட்டில் சாமிப் படத்துக்கு முன்னால், வாழையிலைத் துண்டின் மேல், ஒரு பெல்ட் பக்கிள் இருந்தது. நூறு வருஷத்துக்கு முந்தி யாரோ ஒரு ஜெர்மனிக்காரச் சிப்பாயின் இடுப்பில் இருந்தது. காலையில்கூடக் கறுத்துப்போய், கிணற்றுக்குள் கிடந்த கல் மாதிரி இருந்தது. இப்போது தகதகவென்று இருந்தது.  அதன் முதுகில் தைத்திருந்த சின்னத் தோல் துண்டில் ஒரு பேர் எழுதியிருந்தது. அந்தப் பேர் இப்போது அங்கே இல்லை. மிச்சம் என்று சொல்ல இருப்பது அவளுடைய கட்டைவிரல் ரேகையில், நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி, ஊதாவாக அப்பியிருப்பதுதான்.

காலையில் வேலைக்குப் புறப்படும்போது புருஷன் நயினார் சொல்லிவிட்டுத்தான் போனான். செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னான். "வாட்ச் கடைக்காரர்ட்ட கண்ணுல வைக்கிற லென்சு கேட்டிருக்கேன். வரும்போது வாங்கிட்டு வாரேன். இன்னைக்கு மிச்சப் பேரையும் படிச்சிருவோம்." படிச்சிருவோம். படிச்சிருவேன் என்று சொல்லவில்லை. காலையிலிருந்து அந்த 'ஓம்' அவள் காதில் ஒரு கம்மல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. தரை கூட்டும்போது ஆடியது. பிள்ளைக்குத் தலை சீவும்போது ஆடியது. அஞ்சாங்கிளாசோடு நின்றுபோனவளைச் சேர்த்துக்கொண்டு ஒரு மனுஷன் 'படிச்சிருவோம்' என்கிறான். இங்கிலீஷில் அவளுக்குப் பெரிய எழுத்து தெரியும், சின்ன எழுத்தும் தனித்தனியாக நின்றால் தெரியும், கூட்டமாகக் கைகோத்து வந்தால் தெரியாது. இருந்தாலும் 'ஓம்'. அந்தச் சந்தோஷத்தில்தானே செய்தாள். சந்தோஷம் வராமல் இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பாள். சும்மா இருப்பது அவளுக்கு நன்றாக வரும். பிறந்த வீட்டிலும் சரி, வந்த இடத்திலும் சரி, பேருதான் பேச்சி, வாயில பூட்டு என்று எல்லாரும் சிரிப்பார்கள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு நயினாரின் அத்தை, "பேரை மாத்தி வச்சிட்டாவளா, ஊமச்சின்னு வச்சிருக்கலாமே" என்று கேட்டாள். அன்றைக்கு அவன்தான் சிரிக்காமல் இருந்தான். அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவன் அப்போதெல்லாம் பேசுவான். கல்யாணம் முடிந்த கொஞ்ச நாளில் மஸ்கட் போனான், பிள்ளை தவழுகிற நேரம் திரும்பி வந்தான். வந்தவன் வேறு ஆள். சாப்பாடு வைத்தால் சாப்பிட்டான், பிள்ளையை மடியில் போட்டால் வைத்துக்கொண்டான். வீட்டுக்குள் ரெண்டு பேர் இருக்க, குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்கும். பேசத் தெரியாதவளுக்குப் பேசாத புருஷன். பக்கத்து வீட்டு ஜெபமணி அக்காகூடக் கேட்டாள், "உங்க வீட்டுல ஆள் இருக்கா, இல்ல பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டியளான்னு எனக்குச் சந்தேகமாவே இருக்கு."

அதை மாற்றியது இந்தப் பக்கிள்கள். இந்தப் பாழாய்ப்போன பக்கிள்கள், இந்த நல்ல பக்கிள்கள். துறைமுகத்தில் இறங்குகிற வெளிநாட்டுப் பித்தளைக் கழிவு பெட்டி பெட்டியாகப் புறவழிச்சாலைப் பக்கத்துக் கிடங்குக்கு வரும். குழாய், தாழ்ப்பாள், கதவுக் கைப்பிடி என்று தரம் பிரித்துப் போடுவது நயினாரின் வேலை. ஆடி மாசக் காற்றில் கண்ணெல்லாம் மண்ணாக ஒருநாள் வந்தவன், சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துத் தரையில் வைத்தான். நசுங்கிய சதுரத் தகடு, நடுவில் வட்டம், வட்டத்துக்குள் கிரீடம், சுற்றிலும் எழுத்து. வைத்துவிட்டு, "இங்க பாரு" என்றான். மஸ்கட்டிலிருந்து வந்த பிறகு அவன் அவளைப் பார்த்துத் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று அவள் நம்பினாள். அதற்கு முன்னே சொன்னதெல்லாம் 'உப்பு', 'கதவு', 'பிள்ள அழுவுது' என்ற மாதிரி. இங்க பாரு. அதற்கப்புறம் சாயங்காலம்தோறும் 'இங்க பாரு'. பிஸ்கட் டப்பா நிறைய ஆரம்பித்தது. கிடங்கில் முதலாளி எடைக்கு எடை வேறு பித்தளை போட்டால் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அவன் உடைந்த குழாய்களைத் தேடிக் கொண்டுபோய்ப் போடுவான். கடைசியாக வந்த இந்தப் பக்கிளுக்கு மட்டும் போட ஒன்றும் இல்லாமல் அவன் டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தபோது, அவள் உள்ளே போய் அம்மா வீட்டில் கொடுத்துவிட்ட பித்தளைக் குங்குமச் செம்பை எடுத்து வந்து அவன் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை.  ஆனால் அன்றைக்கு அவன் பார்த்த பார்வையை அவள் இன்னும் யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கிறாள்.

அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, போனைப் பார்த்துப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டானோ. பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கிய காந்தம் ஒன்று வைத்திருந்தான். ஒட்டினால் இரும்பு, சண்டை முற்றிப் பித்தளை கிடைக்காமல் போன வருஷத்தில் அடித்தது. ஒட்டாவிட்டால் பித்தளை, அதற்கு முந்தியது. "மேல வச்சிருக்க இந்த வட்டம் தனி, அடித் தகடு தனி. பத்த வச்சிருக்கான் பாரு." கிரீடம் ஒரு தேசத்து ராஜாவுக்கு ஒரு மாதிரி, பக்கத்துத் தேசத்துக்கு வேற மாதிரி. எழுத்து மொழுமொழுவென்று வீங்கியிருந்தால் போலி, அச்சு எடுத்து வார்த்தது. அவள் கண்ணில் போலியும் ஒன்றுதான், நிஜமும் ஒன்றுதான். ஆனாலும் அவன் விரல் போகிற இடத்துக்கெல்லாம் அவள் கண் போகும். கிரீடத்தைச் சுற்றி எழுதியிருப்பது என்னவென்று அவனே சொன்னான். "கோட் மிட் உன்ஸ். அப்படின்னா கடவுள் எங்களோட." அவள் வாய்க்குள்ளே சொல்லிப் பார்த்தாள். மிட்டுன்ஸ். எல்லாருடைய இடுப்பிலும் அதுவேதான். எதிரில் நின்று சுட்டவனும் அவன் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பான். சாமி எந்தப் பக்கம் நின்றிருக்கும், நடுவில் நின்றிருந்தால் அதன் மேலும் பட்டிருக்காதா என்றெல்லாம் அவளுக்குத் தோன்றும், கேட்க மாட்டாள். டப்பாவில் கழுகுப் பக்கிள் ஒன்றும் உண்டு. கழுகின் காலடியில் சுவஸ்திக். நம்ம கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் போடுவோமே என்று அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டு அவன் அதைக் குப்புறக் கவிழ்த்தான். "இதுக்கு மட்டும் பொட்டு வச்சிராத. இத மாட்டுனவனுக பண்ணுனத படிச்சா சோறு இறங்காது. பிள்ளையள பெத்தவளோட சேத்து..." முழுசாகச் சொல்லவில்லை. அதிலிருந்து அந்தக் கழுகு டப்பாவின் அடியில் முகம் காட்டாமல் கிடக்கிறது. இன்றைக்குப் பூசைக்கு எடுக்கும்போதுகூட அவள் கவனமாகத்தான் இருந்தாள். கழுகு வேண்டாம், கிரீடம். அந்தக் கவனமெல்லாம் சரியாக இருந்தது. வேறு எங்கேயோ இருந்திருக்க வேண்டிய கவனம் இல்லாமல் போயிற்று.

இந்தக் கிரீடப் பக்கிளின் முதுகுத் தோலில் பேர் இருப்பதை அவன்தான் கண்டுபிடித்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் சாம்பல் கோடுகளாகத் தெரியும். போனில் படம் எடுத்தால் தோலும் எழுத்தும் ஒரே நிறமாகப் போய்விடும். சாயங்காலம் சாயங்காலமாகச் சாய்த்துச் சாய்த்து முதல் பேரைப் பிடித்துவிட்டான். "ஆகஸ்ட்."

"மாசமா?" என்று கேட்டுவிட்டாள். தன் குரல் தனக்கே கேட்டுத் திடுக்கிட்டாள்.

அவன் சிரித்தான். சிரித்தான்! "பேருட்டி. நம்ம ஊர்ல சித்திரைன்னு, மாசின்னு வைக்கலயா. அவனுக்கு ஆகஸ்ட்."

தொட்டிலில் கிடந்த பிள்ளை, கனிஷ்கா, 'ஆகத்து' என்றது. அன்றிலிருந்து பிஸ்கட் டப்பாவுக்கே ஆகத்து என்று பேர். அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத்தான் அவன் மஸ்கட்டை எடுத்தான். அவள் கேட்கவில்லை, தானாக வந்தது. இவன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தன் படுத்திருப்பானாம், பீகார்ப் பக்கத்துக்காரனாம், எல்லாருக்கும் பாபு. ஒரே சட்டியில் சமைத்துத் தின்றார்களாம். ஒருநாள் வேலையில் மயங்கி விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இவனைக் கூப்பிட்டு முகத்தைக் காட்டி, பேர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். "பாபுன்னேன். முழுப்பேருன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியல, பேச்சி. ஒரு வருசம் பக்கத்துல படுத்திருக்கேன். அவன் கொறட்டை தெரியும், அவன் வேர்வை வாடை தெரியும். பேரு தெரியல. தெரியலன்னு சொல்லிட்டு வெளிய வந்து நின்னேன். ஆபீசுல காயிதம் பாத்து அப்புறம் எழுதிக்கிட்டாங்க, அது வேற. ஆனா நான் தெரியலன்னு சொன்னேம்லா." அவ்வளவுதான் சொன்னான். பிறகு தோலைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்தான். "இவன் பேராவது முழுசாத் தெரியணும்." அவள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வேறென்ன கொடுக்க முடியும். தண்ணீர், எப்போதும் தண்ணீர்தான் அவளுக்குக் கொடுக்கத் தெரிந்தது. தண்ணீர்தான் அழித்தது.

எப்படி அழிந்தது. அதை நினைக்கக் கூடாது என்று சுண்டலில் தேங்காய்ப்பூவைத் தூவினாள். தேங்காய்ப்பூ வெள்ளையாக விழ விழ அந்தத் தண்ணீர் ஊதாவாக வந்து நின்றது. மத்தியானம் குத்துவிளக்கைத் தேய்க்கப் புளி ஊறப்போட்டிருந்தாள். ஆயுதபூசைக்கு எல்லார் வீட்டிலும் ஆயுதம் இருக்கிறது, நம் வீட்டுக்காரருக்கு என்ன ஆயுதம் என்று யோசித்தாள். கிடங்கில் தராசுக்குப் பொட்டு வைப்பார்கள், பூசணிக்காய் உடைப்பார்கள், அது முதலாளியுடைய தராசு. இவனுடையது என்று சொல்ல இந்த டப்பாதானே. இதை வைத்துத்தானே இவன் பிழைத்தான், பேசினான். காந்தத்துக்கு ஒரு பொட்டு வைத்தாள். கிரீடத்தை எடுத்தாள். இவ்வளவு அழுக்காகவா சாமி முன்னால் வைப்பது? கறுத்த பித்தளையைக் கண்டால் கை சும்மா இருக்குமா? செம்பும் விளக்கும் தேய்த்தே வளர்ந்த கை. புளியோடு கொஞ்சம் உப்பைச் சேர்த்து, கிண்ணத்துத் தண்ணீரில் முக்கி, தேய்த்தாள். கிரீடம் ஒவ்வொரு முத்தாக வெளியே வந்தது. 'ஓம்' காதில் ஆடிக்கொண்டிருந்தது. லென்சோடு வருவான், பளபளவென்று பார்ப்பான், 'இங்க பாரு' என்று இன்றைக்கு நான் சொல்லலாம் என்றுகூட நினைத்தாள். திருப்பினாள். தோல் நனைந்து கறுத்திருந்தது. அந்தக் கறுப்பில் எழுத்துகள் எழுந்து வந்தன. சாம்பலாக, இருக்கிறதா இல்லையா என்று இருந்த கோடுகள், தண்ணீர் பட்டதும் பூ விரிகிறாற்போல ஊதாவாக விரிந்தன. ரெண்டு பேரும். ஆகஸ்டும், அதற்குப் பக்கத்தில் இத்தனை நாள் யாருக்கும் பிடிபடாத மற்றதும். முழுசாக, நேற்று எழுதினாற்போல. அவள் பார்த்தாள். ஐயோ, அவள்தானே பார்த்தாள். இத்தனை வருஷத்துக்கப்புறம் அந்தப் பேர் எழுந்து நின்று ஒரு ஆளைப் பார்த்தது, அந்த ஆளுக்கு வாசிக்கத் தெரியவில்லை. எழுத்தெல்லாம் கைகோத்துக்கொண்டு நின்றது. எழுத்துக் கூட்ட ஆரம்பிக்கிறதற்குள் ஓரம் கலைந்தது, மை வாலாக ஓடியது, துடைத்தால் நிற்கும் என்று கட்டைவிரலால் அமுக்கினாள். எடுத்தபோது தோலில் ஊதா மேகம். விரலில் இது.

எச்சி தொட்டு எழுதுவானுகளாம். அவன் சொன்னது இப்போது ஞாபகம் வருகிறது. இது ஒரு மாதிரி பென்சிலு, பேச்சி, அந்தக் காலத்துச் சிப்பாய்மாருக்கு மைக்கூடு தூக்க முடியாதுல்லா, நாக்குல தொட்டு எழுதுவானுக. அவள் 'ச்சீ' என்றாள். அப்புறம் அவன் ஒன்று சொன்னான். அப்போதுதான் பிள்ளை தட்டைத் தட்டிவிட்டு, சோறெல்லாம் சிதறி, அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். என்ன சொன்னான்? எத்தனையோ சாயங்காலம் அவன் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டாள், காந்தம் கேட்டாள், கிரீடம் கேட்டாள், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கேட்கவில்லை. குனிந்திருந்த முதுகுக்கு மேலே அவன் வாய் அசைந்திருக்கும். 'தண்ணி பட்டா'. அப்படித்தான் தொடங்கியிருக்கும். தண்ணி பட்டா ஊதாவாயிரும். தண்ணி பட்டா போச்சு. வேறெதுவோ சொல்லியிருக்கலாம், கிடங்கு விஷயம், பால்காரர் விஷயம். இல்லை, இதுதான். நிச்சயமாக இதுதான். சோறு பொறுக்குவதற்கு அவ்வளவு அவசரம் என்ன இருந்தது.

"ஏட்டி பேச்சி, புளி கொஞ்சம் கொடேன்." பக்கத்து வீட்டு ஜெபமணி அக்கா கதவைத் தட்டாமலே உள்ளே வந்து நின்றாள். அவளுக்குப் பூசை இல்லை, ஆனால் தெருவில் எல்லார் வீட்டுச் சுண்டலும் அவள் வீட்டுக்குப் போகும். "அய்யோ, புளியா" என்றாள் பேச்சித்தாய்.

"ஏன், புளி கேட்டா பேயைக் கண்டாப்ல முழிக்க? இல்லன்னா இல்லன்னு சொல்லு." சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அட, என்னட்டி இது, தங்கமா? உம் மாப்பிள்ளையோட அந்தக் கறுப்புத் தகடா இது? ஏ யாத்தே, ஆளே மாறிட்டானே! இப்பல்லா பாக்கும்படியா இருக்கு. நல்ல காரியம் பண்ணுன."

நல்ல காரியம். பேச்சித்தாய் புளி உருண்டையை இடது கையால் நீட்டினாள்.

"என்ன, இடது கையால குடுக்க? அந்தக் கையில என்ன, சூடு பட்டுட்டா? காட்டு." பிடித்து இழுத்துப் பார்த்தாள். "ஓட்டுப் போட்டுட்டு வந்தியா? எலெக்சன் எப்பம் வந்துச்சு? எனக்கு யாரும் சொல்லலயே." தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தாள். "மண்ணெண்ண தொட்டுத் தேயி, போயிரும்."

"தேய்க்கக் கூடாதுக்கா."

"ஏன்?"

ஏன் என்று சொல்லத் தொடங்கினால் மஸ்கட்டிலிருந்து தொடங்க வேண்டும். பாபுவிலிருந்து தொடங்க வேண்டும். பேச்சித்தாய் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு நின்றாள். ஜெபமணி அக்கா அவள் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாயத் தொறந்தா முத்து உதிந்துருமோ" என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அவள் தோளை ஒருதரம் தட்டிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு வீடு ரொம்பச் சின்னதாகிவிட்டது. பக்கிளை எடுத்துக் குப்புறப் போட்டு, தோலை விசிறியின் கீழே காய வைத்தாள். காய்ந்து ஓரம் சுருண்டு அப்பளம் மாதிரி நிமிர்ந்தது. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள், இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். மேகம்தான். பக்கிளைத் திரும்ப இலையில் வைத்தாள். கண்ணை மூடினால் தெரிந்தது. அதுதான் கொடுமை. கண்ணை மூடினால் அந்தப் பேர் இன்னும் நின்றது, ஓரம் கலையாமல். முதலில் ஒரு கொக்கி, துணி காயப்போடுகிற கம்பியை மாட்டுவோமே அந்த மாதிரி. அப்புறம் ரெண்டு மேடு. மேட்டுக்கு மேலே ஒரு புள்ளி, இல்லை, ரெண்டு புள்ளி. அப்புறம் கீழே தொங்குகிற ஒரு வால். வாலுக்கு முன்னாலா பின்னாலா அந்த உயரமான கோடு? கண்ணைத் திறந்து மறுபடி மூடினால் ரெண்டு மேடு மூன்று மேடாக இருந்தது. நினைக்க நினைக்கத் தேய்கிறதோ, நினைப்பும் ஒரு புளித்தண்ணீரோ என்று பயந்து நினைப்பதை நிறுத்தினாள். நிறுத்தினால் மறந்துவிடுமே என்று மறுபடி நினைத்தாள். தொட்டிலில் பிள்ளை புரண்டது. கிரீடத்தின் மேல் ஒரு செவ்வந்தியை வைத்து மூடிவிடலாம். முதுகு கீழேதானே இருக்கிறது. பூசை முடிந்து அவன் எடுப்பான். எலி கடித்தது என்று சொல்லலாமா. பிள்ளை எடுத்துத் தண்ணீர் வாளியில் போட்டுவிட்டது என்று சொல்லலாம். பிள்ளையைச் சொன்னால் கோபப்பட மாட்டான். அப்படி நினைத்ததும் தொட்டிலைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அடித்தால்கூடத் தேவலை. கத்தினால் தேவலை. அவன் அடிக்கவும் மாட்டான், கத்தவும் மாட்டான். பழையபடி ஆகிவிடுவான். உப்பு, கதவு, பிள்ள அழுவுது. குழாய் சொட்டும். அவள் அவனோடு படுத்து எழுந்து, அவன் கொறட்டை தெரிந்து, அவன் வேர்வை வாடை தெரிந்து, ஒருநாள் யாராவது வந்து இந்த ஆள் யார் என்று கேட்டால் தெரியலை என்று சொல்லும்படி ஆகிவிடும்.

செருப்புச் சத்தம் கேட்டது. வெயில் வாசல் படியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நயினார் நெற்றி நிறையக் குங்குமத்தோடு, கிடங்கில் கொடுத்த பொரிகடலைப் பொட்டலத்தோடு வந்தான். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினான். "குடுத்துட்டாரு. நாளைக்குக் கட லீவு, சாவகாசமாத் தாங்கன்னுட்டாரு." பிள்ளை எழுந்து "ஆகத்து" என்று கையை நீட்டியது. அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டே சாமிப் படத்துப் பக்கம் போனான், போனவன் நின்றான். செவ்வந்தி பாதியைத்தான் மறைத்திருந்தது. அவள் சூடத்தைக் கொளுத்தினாள், இடது கையில் மூன்று குச்சி வீணாயிற்று. அவன் கும்பிட்டான். திருநீறு பூசிக்கொண்டான். குனிந்து பூவை எடுத்தான். பிறகு பக்கிளை எடுத்து, கிரீடத்துப் பொட்டைச் சட்டை நுனியால் துடைத்து, திருப்பினான். லென்சைக் கண்ணில் வைத்தான். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவன் வாசல் வெளிச்சத்தில் நின்ற நேரம் அவளுக்குத் தீரவே இல்லை. சாய்த்தான். அந்தப் பக்கம் சாய்த்தான். அவள் மத்தியானம் சாய்த்த அதே மாதிரி. லென்சை எடுத்தான்.

"புளியா" என்றான்.

தலையை ஆட்டினாள்.

அவன் லென்சைத் தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தான். பக்கிளை டப்பாவில் வைத்து மூடினான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளைக்குப் பொரி ஊட்ட ஆரம்பித்தான். பொரி நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குழாய் சொட்டுவது கேட்டது. பழைய அமைதி வந்துவிட்டது என்று நினைத்தாள். வாசலில் காத்துக்கொண்டிருந்ததுபோல அவ்வளவு சீக்கிரம் உள்ளே வந்துவிட்டது. இனி சுண்டலை எடுத்து வைக்கலாம், தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கலாம். சொம்பை எடுக்கக் கை போனது, வலது கை, கட்டைவிரல் முன்னால் போனது. சொம்பின் ஈரத்துக்கு ஒரு நூல் இருக்கும்போது நிறுத்தினாள். சொம்பை விட்டுவிட்டு வந்து அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்க" என்றாள்.

அவன் நிமிர்ந்தான். அது அவனுடைய வார்த்தை. அதை இன்னொரு வாயிலிருந்து கேட்டது அவனுக்கு என்னவோ போலிருந்திருக்க வேண்டும். கையிலிருந்த பொரி அப்படியே நின்றது.

"நான்தான் தேச்சேன். பூசைக்கு உங்க ஆயுதம்னு வைக்கலாம்னு. தண்ணி படக்கூடாதுன்னு நீங்க சொன்னது எங் காதுல விழல, அப்பம் சோறு பொறுக்கிக்கிட்டு இருந்தேன். நனைஞ்சதும் பேரு முழுசா தெரிஞ்சிச்சு. ஊதாவா. ரெண்டு பேரும். நான் பாத்தேன், படிக்கத் தெரியல. மொதல்ல ஒரு கொக்கி. அப்புறம் ரெண்டு மேடு, அதுக்கு மேல ரெண்டு புள்ளி. புள்ளி நிச்சயம். கீழ ஒரு வாலு தொங்கும். உசரமா ஒரு கோடு, அது வாலுக்கு முன்னாலயா பின்னாலயான்னுதான்... அமுக்குனா நிக்கும்னு அமுக்கினேன். கழுவல. அப்பருந்து கழுவவே இல்ல."  இவ்வளவு வார்த்தையை ஒருசேர அவள் யாரிடமும் சொன்னதில்லை. கட்டைவிரலை நீட்டினாள்.

அவன் பொரியைக் கீழே போட்டான். லென்சை மறுபடி எடுத்தான், தாளைப் பிரிக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் விரலைப் பிடித்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். அவன் மூச்சு விரல் நுனியில் பட்டது. பிள்ளை எழுந்து நின்று அதுவும் எட்டிப் பார்த்தது.

"ரேகைதான் தெரியுது" என்றான். ஆனாலும் விடவில்லை. லென்சைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான், கிட்டே பிடித்தான். "இரு... ரெண்டு புள்ளின்னா சொன்ன?"

"ரெண்டு."

"மேட்டுக்கு மேல."

"மேட்டுக்கு மேலதான்."

"வா, வாசலுக்கு வா. வெளிச்சம் இன்னும் இருக்கு. மொதல்லருந்து சொல்லு, மெதுவா." விரலைப் பிடித்தபடியே எழுந்தான். அவளும் எழுந்தாள். வாசலில் அந்த நேரத்து வெளிச்சம் மஞ்சளாக, இப்போதோ அப்போதோ போய்விடுகிறாற்போல நின்றது. எதிர்வீட்டுத் தையல் மெஷினின் மாலை வாடத் தொடங்கியிருந்தது. "கொக்கி" என்று அவள் ஆரம்பித்தாள். அவன் கை வேர்த்திருந்தது. அந்த ஈரம் மெல்ல மெல்ல அவள் கட்டைவிரலுக்கு ஏறிக்கொண்டிருந்தது. வேர்வை பட்டாலும் போய்விடும், கையை விடுங்க என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அதை மட்டும் அவள் சொல்லவில்லை.